கத்தியும் உறையும்

குற்றம் செய்வது கத்தியா, கத்தியைப் பிடித்தவனா என்று வினவினால், பிடித்தவனே என்று எவரும் உடனே விடை பகர்வர். ஆயினும் நம் வழக்கங்களை உற்று நோக்குங்கால், அவ்விடையை நாம் மெய்யாக நம்பவில்லை என்பது புலனாகும். கருப்பண்ணசாமிக்கு அரிவாள் சாத்துகிறோம். ஆயுத பூசையன்று பால்வெட்டுக் கத்திக்கும் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளுக்கும் சந்தனப் பொட்டிடுகிறோம். சண்டையில் வெட்டு விழுந்துவிட்டாலோ, "கை மீறிப் போய்விட்டது" என்கிறோம். கையும் கத்தியும் தாமே கலந்து பேசி முடிவு செய்ததைப்போல!

இவ்விஷயத்தில் மலாய் மக்களின் கெரீஸ் என்னும் குத்துவாளைச் சிறிது ஆராய்வது பயன் தரும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்கு அது புதிய பொருளன்று. மலாய்த் திருமணங்களில் மணமகனின் இடையில் அதைக் காண்கிறோம். 1989-இல் வெளிவந்து 2005-இல் செல்லாததாக்கப்பட்ட ஒரு ரிங்கிட் நாணயத்திலும் அது இருந்தது. வாள் மட்டுமன்று, உறையும் உடன் பொறிக்கப்பட்டிருந்தது.

அதைச் செய்யும் முறை வியக்கத்தக்கது. இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, உலையிற் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கி, மடித்து, மீண்டும் காய்ச்சி அடிக்கின்றனர். மடிப்புகள் பெருகப் பெருக உள்ளே வரிகள் பிறக்கின்றன. நடுவே எஃகு வைத்து வாய் அமைக்கின்றனர். நேரான வாளும் உண்டு. நெளிவான வாளாயின் நெளிவுகள் ஒற்றைப்படையாகவே இருத்தல் வேண்டும் என்பது மரபு. இறுதியில் எலுமிச்சைச் சாற்றிற் பாஷாணம் கலந்து பூச, இரும்பு கறுத்து, நிக்கல் வரிகள் வெள்ளிபோல் எழுகின்றன.

பின்னர் உறை. இதைத்தான் பார்ப்பவர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். வாயில் படகுபோன்ற குறுக்குக் கட்டையும், கீழே நீண்ட தண்டுமாக மரத்தாற் செய்யப்படும் இது, வெறும் அலங்காரம் அன்று. கெரீஸின் அடிப்பகுதி ஒருபுறம் அகன்றும் மறுபுறம் ஒடுங்கியும் இருப்பதால், ஒரு வாளுக்குக் குடைந்த உறை மற்றொன்றிற்குப் பொருந்துவது அரிது. யாவாவில் கொல்லனை எம்பு என்றும், உறை செய்வோனை மிராங்கி என்றும் தனித்தனியே பெயரிட்டு மதித்தனர். அடக்கி வைப்பதற்கென ஒரு தனிக் கலைஞன்! யுனெஸ்கோ நிறுவனம் 2005-இல் இந்தோனேசியக் கெரீஸை மனிதகுலத்தின் அரிய மரபெனச் சாற்றியபொழுது, இவ்விருவர் தொழிலும் அப்பெருமையில் அடங்கியது எனலாம்.

ஆனால் இதே கெரீஸைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகளைப் பாருங்கள். ஹாங் துவா கதையில் வரும் தாமிங் சாரி என்னும் வாளை ஏந்தியவனை எவராலும் வெல்ல முடியாதாம். தன் நண்பனுக்கு இழைக்கப்பட்ட அநீதி கண்டு சுல்தானை எதிர்த்த ஹாங் ஜெபாட்டின் கையில் அது இருந்தது. அந்நண்பனாகிய துவா உயிருடன் திரும்பிவந்து, சூழ்ச்சியால் அவ்வாளைப் பறித்து, ஜெபாட்டையே குத்திக் கொன்றான். வெற்றி வாளினுடையது எனில், தன்பொருட்டுக் கிளர்ந்தெழுந்த தோழனைக் கொன்ற பழி யாருடையது? ஆணையிட்ட சுல்தானுடையதா, நிறைவேற்றிய துவாவினுடையதா? ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற காலத்தில் துரோகத்தையும் விசுவாசத்தையும் பற்றிப் பிறநாட்டு நாடகங்களிற் படித்தேன். அருகிலிருந்த இவ்வினாவை எந்த ஆசிரியரும் எழுப்பவில்லை. வாளுக்கு மாயசக்தியை ஏற்றிச் சொன்னதால் கேட்போர் மனம் வாளின் மேற்சென்று, வினா பின்னால் ஒதுங்கிவிடுகிறது. மூடநம்பிக்கையால் விளையும் பெருந்தீங்கு இதுவே என்பது என் துணிபு.

அவ்வாறாயின் செய்தவனுக்குப் பொறுப்பே இல்லையோ என்பாரும் உளர். சிவகங்கைச் சீமையில் அரிவாளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சியை எண்ணுங்கள். விறகு பிளக்கவும் இளநீர் வெட்டவும் உதவும் அரிவாளையும், ஆளை வெட்டும் அரிவாளையும் உலைக்களம் பிரித்தறியாது. கொல்லன் வாங்குவோனின் மனத்தைத் திறந்து பார்க்கவும் இயலாது. கண்ணுக்கெட்டிய அளவே அவன் கடமை. ஆளுயர வாள் கேட்டு வரும் இளைஞனிடம் "எதற்கு?" என்று ஒரு சொல் கேட்பது அதில் அடங்கும் என்றே நான் கருதுகிறேன்.

ஏனெனில் இன்று இது வெறும் தர்க்கமன்று. 2018 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டிய கூட்டத்தில் 70-க்கு மேற்பட்டோர் பிடிபட்டனர். நம் நாட்டிலோ பொது இடத்தில் தக்க காரணமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தண்டிக்க 1958-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. ஆனாலும் பாராங் கத்தியைச் செய்தித்தாளிற் சுற்றி மோட்டார் சைக்கிளில் ஒளித்துச் செல்லும் நம் பிள்ளைகள் இல்லாமலில்லை. காட்டுக்குச் செல்லும் மலாய்க் கிழவரும் அதே பாராங்கைத்தான் மர உறையிலிட்டு இடுப்பிற் கட்டிக்கொண்டு, ஊரார் காணச் செல்கிறார். ஒளிப்பது வேறு, உறையிலிடுவது வேறு. உறையிலிட்டவனிடம் எவரும் காரணம் கேட்கலாம். அவனிடம் விடையும் இருக்கும்.

பால்வெட்டுக் கத்திக்கு அத்தகைய உறை இல்லை. ஒரு வெட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்ப் பட்டையே சீவவேண்டும். உள்ளிருக்கும் மென்படலத்தைத் தொடலாகாது. தொட்டால் காயம் முண்டாகித் தடிக்கும். பட்டை மீண்டும் வளர்ந்தாலும் அவ்விடத்தில் கத்தி ஒழுங்காக ஓடாது. செம்பனை பரவியபின் ரப்பர் மரங்கள் பல வீழ்ந்தன. எஞ்சியுள்ள கிழமரங்களில் அம்முண்டுகளை இன்றும் காணலாம். எந்த நிரையை யார் வெட்டினார் என்பது, பழைய செக்ரோல் புத்தகம் கரையானுக்குத் தப்பியிருந்தால், அதில் எழுதப்பட்டிருக்கும்.