கடன் கடுதாசிக்கு அஞ்சி ஒளிய வேண்டாம்

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கடுதாசியைத் தந்துவிட்டுப் போகிறார். பிரித்துப் பார்த்தால் வக்கீல் நோட்டீஸ். வாங்கிய கடனை 15 நாளுக்குள் கட்ட வேண்டும், தவறினால் சட்டப்படி நடவடிக்கை என்று இருக்கிறது. கையில் காசில்லை. இந்தக் கடுதாசிக்குப் பயந்து இரவில் உறங்காத வீடுகள் எத்தனையோ!

அப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கணவன் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. சறுக்கி விழுந்து கால் முறிந்தது. மனைவி அண்டி ஆபீஸில் கொட்டை உடைக்கிறவள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மகளிர் குழு வழியாக ஒரு நுண்கடன் கம்பெனியில் 50,000 ரூபாய் வாங்கினாள். மாதம் 2,600 ரூபாய் வீதம் 24 தவணை. 12 தவணை ஒழுங்காய்க் கட்டினாள். பிறகு 4 மாதம் முடியவில்லை. அப்போதுதான் கடுதாசி வந்தது. 38,900 ரூபாயை மொத்தமாய்க் கட்டச் சொன்னது.

அவள் அதை மடித்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். கணவனிடமும் சொல்லவில்லை. கந்துவட்டிக்கு வாங்கி இதை அடைத்துவிடலாமா என்று முதல் நாள் நினைத்தாள். பிள்ளைகளோடு இரவோடு இரவாகக் கேரளத்துக்குப் போய்விடலாமா என்று மறுநாள் நினைத்தாள். மூன்றாம் நாள் இரவில் கிணற்றடியில் வெகுநேரம் நின்றாள். இளைய பிள்ளை விழித்து அழுத சத்தம் கேட்டு வீட்டுக்குள் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நிழல்தாங்கலுக்குப் போனாள். பள்ளியறைக் கண்ணாடிக்கு முன்னால் அவளால் தலைநிமிர முடியவில்லை. எல்லாருக்கும் பின்னால் போய் ஒதுங்கி நின்றாள். பணிவிடை செய்யும் பெரியவர் அதைக் கண்டார். இனிமம் கொடுக்கும்போது, "மக்களே, ஏன் முகம் வாடியிருக்கு?" என்று கேட்டார். அவள் அழுதுவிட்டாள். "கடுதாசியை ஒளிச்சு வச்சா எழுத்து அழிஞ்சு போகுமா? கொண்டு வா, வாசிச்சுப் பார்ப்போம்" என்றார் அவர்.

இங்கே அன்பர்கள் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. பள்ளியறையில் அய்யா கண்ணாடியை ஏன் வைக்கச் செய்தார்? உன்னுள்ளே இறைவன் இருக்கிறான் என்று காட்டுவதற்கு. அந்தக் கண்ணாடி கடன் இல்லாதவனுக்கு மட்டும் வைத்ததன்று. ஆண்மக்கள் தலைப்பாகை கட்டி நிற்பதும் காசுள்ளவன் என்று காட்டுவதற்கன்று, மானமுள்ளவன் என்று காட்டுவதற்கு. கடன் என்பது கையில் உள்ள குறை. அதை உள்ளே இருக்கும் இறைவனுக்கு வந்த குறையாக எண்ணுவது கலியின் மாயை.

அய்யா வைகுண்டர் காலத்தில் திருவிதாங்கூர் ஆட்சி எளிய மக்களின் தலைக்கும் பனைக்கும் வரி கேட்டது. கூலியில்லா ஊழியம் வாங்கியது. அந்த அநீதியை அய்யா எதிர்த்தார். சேவகர் பிடிக்க வந்தபோது அவர் ஓடி ஒளியவில்லை. திருவனந்தபுரத்துக்கு நடந்தே போனார், சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாள் பொறுமையோடு இருந்தார், தலைநிமிர்ந்து திரும்பினார். அநியாய வரி வேறு, கைநீட்டி வாங்கிய கடன் வேறு. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது சத்தியம். ஆனால் கடன்பட்டவர் அடிமைப்பட்டவர் அல்லர். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவும் வேண்டும், மானத்தைக் காக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் அய்யா வழி.

பெரியவர் கடுதாசியைப் பொறுமையாய் வாசித்தார். யார் அனுப்பியது, எந்தக் கடன், எவ்வளவு என்று பார்த்தார். அது வக்கீல் நோட்டீஸ்தான், நீதிமன்றத் தீர்ப்பன்று. கட்ட இயலாமை மட்டுமே ஒருவரைக் குற்றவாளி ஆக்காது. (காசோலை கொடுத்து அது பணமில்லாமல் திரும்பியிருந்தால் அது வேறு வழக்கு. அதற்கு நாள் கடத்தாமல் வக்கீலைப் பார்க்க வேண்டும்.) பிறகு தவணை அட்டையை எடுத்துக் கணக்குப் போட்டார். மீதி 12 தவணைக்கு வட்டியோடு சேர்த்தாலும் 31,200 ரூபாய்தான். மேலே உள்ள 7,700 எங்கிருந்து வந்தது? நுண்கடனில் தாமதக் கட்டணத்தைத் தவறிய தவணையின் மேல்தான் போடலாம், முழுக் கடன் மேல் போடக் கூடாது என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, உறவினரையும் கூட வேலை செய்பவரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் அதே விதியில் உண்டு.

அன்றே பதில் எழுதினார்கள். கடனை மறுக்கவில்லை என்றும், கணவனுக்கு வேலையில்லை என்றும், மாதம் 1,300 ரூபாய் கட்ட முடியும் என்றும், கணக்கு விவரம் வேண்டும் என்றும் எழுதினார்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்தினார்கள். பிறகு நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனார்கள். அங்கே பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் இருதரப்பும் பேசி முடித்துக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

தாங்கலில் அவள் கடனை யாரும் அடைக்கவில்லை. அவ்வளவு பணம் அங்கே யாரிடம் இருக்கிறது? ஆனால் பேசப் போன நாளில் இரண்டு பெண்கள் அன்றைய கூலியை விட்டு அவளோடு போனார்கள். ஒரு வீட்டார் கணவனுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை தேடிக் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டிலிருந்து அரிசி வந்தது. தாழ்ந்து கிடப்பவரைக் கைதூக்கி விடுவதே தர்மம் என்றால், அந்தத் தர்மம் இப்படித்தான் நடக்கும்.

கம்பெனி முதலில் இணங்கவில்லை. பிறகு தாமதக் கட்டணத்தைக் குறைத்து, சிறு தவணைக்கு ஒப்புக்கொண்டது. கடன் இன்னும் தீரவில்லை, இரண்டு வருஷமாவது ஆகும். ஆனால் கணவனுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும், தாங்கலுக்கும் தெரியும். கிணற்றடியில் அவள் தனியே நிற்பதில்லை.

ஆகவே அன்பர்களே, கடுதாசி வந்தால் ஒளிக்காதீர்கள். ஒரு கடனை அடைக்கக் கந்துவட்டி வாங்காதீர்கள். கடன்பட்டவரைக் கண்டால் ஏளனம் செய்யாதீர்கள். தாங்கலில் பின்னால் ஒதுங்கி நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு வார்த்தையே அய்யாவுக்குச் செய்யும் பணிவிடை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாய் கண்ணாடிக்கு நேரே வந்து நின்றாள், தலைநிமிர்ந்து பார்த்தாள்.

அய்யா உண்டு.