மொட்டைமாடியில் இறங்கிய எழுப்புதல்

தியானப் பகுதி: நெகேமியா 8:13-18



நெகேமியா எட்டாம் அதிகாரத்தை எழுப்புதலின் அதிகாரம் என்று நாம் சொல்லுவதுண்டு. எஸ்றா மரத்தால் செய்த பீடத்தின்மேல் ஏறி நின்று நியாயப்பிரமாண புஸ்தகத்தைத் திறக்கிறார். விடியற்காலம் தொடங்கி மத்தியானம் வரைக்கும் ஜனங்கள் கேட்கிறார்கள். கைகளை உயர்த்தி ஆமென் சொல்லுகிறார்கள், முகங்குப்புற விழுகிறார்கள், தேம்பித் தேம்பி அழுகிறார்கள். இந்த அதிகாரத்தைப் பிரசங்கியாத ஊழியக்காரர் நம்மில் ஒருவரும் இருக்கமாட்டோம். ஆனால் பாருங்கள், பெலனைப்பற்றிய அந்தப் பத்தாம் வசனம் வந்தவுடனே நாம் ஆர்ப்பரித்து, துதித்து, கூட்டத்தை முடித்துவிடுகிறோம். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் பேசுவதில்லை.

மறுநாள் என்ன நடந்தது? குடும்பத் தலைவர்கள் எஸ்றாவிடம் திரும்பவும் வந்தார்கள். தாய்மார் அல்ல, பிள்ளைகள் அல்ல, அப்பாமார்! ஏழாம் மாதப் பண்டிகைக்குக் கூடாரங்கள் போடவேண்டும் என்று எழுதியிருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். உடனே ஜனங்கள் மலைக்குப் போய் ஒலிவக் கிளையும் பேரீச்ச மட்டையும் வெட்டிச் சுமந்துகொண்டு வந்து, தங்கள் கையாலேயே கூடாரம் கட்டினார்கள். யோசுவாவின் நாள் முதல் இப்படி நடந்ததில்லையாம். மிகுந்த சந்தோஷம் உண்டாயிற்றாம்.

எங்கே கட்டினார்கள் என்பதை வேதம் ஒரு வரிசையாகச் சொல்லுகிறது, கவனித்திருக்கிறீர்களா? முதலில் அவரவர் வீட்டு மொட்டைமாடி. அடுத்தது வீட்டு முற்றம். அதற்குப் பிறகுதான் தேவாலயப் பிராகாரம், அப்புறம் தெரு வீதி. நாமோ இதைத் தலைகீழாகச் செய்கிறோம். தெருவில் பந்தல் போட்டு எழுப்புதல் கூட்டம் நடத்துகிறோம், சபையில் முழு இரவு ஜெபம் வைக்கிறோம். வீட்டுக்குள் போனால் அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம், ஆளுக்கொரு செல்போன். மாடியில் துணி காய்கிறது, அவ்வளவுதான்.

நம் வேலப்பன்சாவடி எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியும். மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரி ஓடுகிற இடம். வடக்கே கூவம் ஆறு. சாவடி என்றாலே வழிப்போக்கர் இளைப்பாறித் தங்கிப்போகிற இடம்தானே? ஊரின் பெயரிலேயே கர்த்தர் ஒரு கூடாரத்தை வைத்திருக்கிறார் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளுவேன். இங்கே வாழ்கிற நம் ஜனங்கள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, கல்லூரியில் சமையல் வேலை, கட்டட வேலை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை என்று ஓடுகிறவர்கள். டிசம்பர் வந்தால் இவர்கள் வீட்டில் இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று பண்டிகை. இன்னொன்று தண்டல்.

தண்டலைப்பற்றி விசுவாசிகளாகிய நாம் வெளிப்படையாகப் பேசுவதே இல்லை. ஆனால் எத்தனை வீட்டில் அது நடக்கிறது! பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள் கட்டவேண்டும். இப்போது குழு லோனும் சேர்ந்துகொண்டது. வாரத்துக்கு ஒருநாள் கூடி உட்கார்ந்து பணம் கட்டவேண்டும். புது வஸ்திரமும் பிரியாணியும் ஒரே நாளில் தீர்ந்துபோகிறது. கடன் மட்டும் தீருவதில்லை.

2015-ஆம் வருஷம் நடந்ததைச் சொல்லுகிறேன். அந்த டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அடையாறும் கூவமும் கரைபுரண்டு சென்னை மூழ்கிய மழை. நம் சபையில் கூவத்தின் கரையோரமாய்க் குடியிருந்த ஒரு சகோதரியின் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பாய், தலையணை, பிள்ளைகளின் புத்தகம், ரேஷன் அரிசி, எல்லாம் போயிற்று. மூன்று பிள்ளைகள், பெரியவன் பையன், பன்னிரண்டு வயது, அடுத்து இரண்டு பெண்கள். புருஷன் சென்ட்ரிங் வேலை செய்கிறவர். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் குடிக்கு அடிமை. சபைக்கு வரமாட்டார். ஒருநாள் குடிவெறியில் பையனைப் பெல்ட்டால் அடித்திருக்கிறார். அன்றைக்கு வாயை மூடினவன்தான், ஆறு மாதமாக அவன் தகப்பனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே அறையில் படுத்து எழுந்தும் பேச்சு இல்லை.

டிசம்பர் 15-ஆம் தேதி அந்தச் சகோதரி ஜெபிக்க வந்தார்கள். "பாஸ்டர், பத்தாயிரம் தண்டல் எடுக்கலாம்னு இருக்கேன். பிள்ளைங்களுக்குத் துணி எடுக்கணும். எல்லாரும் புதுசு போட்டுட்டு நிக்கும்போது எங்க பிள்ளைங்க மட்டும் எப்படி நிக்கும்? நல்லா ஜெபம் பண்ணி அனுப்புங்க" என்றார்கள்.

"நூறு நாள் எந்தத் தேதியில முடியுதுன்னு கணக்கு போட்டுப் பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டேன். பிரசங்க மேஜையில் இருந்த புது வருஷ காலண்டரை எடுத்து இருவருமாக எண்ணினோம். நூறாவது நாள் 2016 மார்ச் 24. மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை! ஆண்டவர் பிறந்ததற்கு வாங்குகிற கடனை அவர் சிலுவையில் தொங்குகிற நாள் வரைக்கும் கட்டவேண்டும். அந்த அம்மா காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் அழுதார்கள்.

அந்த நேரத்தில் பரிசுத்த ஆவியானவர் எனக்கு நினைப்பூட்டினது 1 சாமுவேல் 2:19. அன்னாள் வருஷந்தோறும் பண்டிகைக்குப் போகும்போது தன் மகனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போனாள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிள்ளை சீலோவில் இருக்கிறான், தாய் ராமாவில் இருக்கிறாள். அளவு எடுக்க ஆள் பக்கத்தில் இல்லை. போன வருஷம் இவ்வளவு உயரம், இந்த வருஷம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனசிலேயே அளந்து தைக்கவேண்டும். ஒவ்வொரு தையலும் ஒரு ஜெபமாக இருந்திருக்காதா? சாமுவேல் தீர்க்கதரிசியானதற்கு ஏலியின் வளர்ப்பு காரணமா, அந்தச் சட்டை காரணமா என்று என்னைக் கேட்டால், ஏலி வளர்த்த அவனுடைய சொந்தக் குமாரர் எப்படிப் போனார்கள் என்று பாருங்கள் என்பேன்.

நான் இதைச் சொன்னவுடன் என் மனைவி உள்ளே இருந்து, "நம்ம மிஷின் சும்மாதானே இருக்கு, நாளைக்கு வாங்கம்மா" என்றார்கள். தீபாவளிக்கு வேலை செய்கிற இடத்தில் கொடுத்த சேலை ஒன்று, பரண்மேல் இருந்ததால் நனையாமல் தப்பியிருந்தது. அதை வெட்டி இரண்டு பெண்களுக்கும் பாவாடை தைத்தார்கள். பையனுக்கு ஒன்றும் தேறவில்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை நீலம் போட்டு வெளுத்து வைத்தார்கள்.

நட்சத்திரம் கட்டினது பையனுடைய யோசனை. மூங்கில் கிடைக்காமல் துடைப்பக் குச்சியை வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டிருந்தான். நூல் முடிச்சு நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி அவிழ்ந்தது. தகப்பன் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாள் வேலையிடத்திலிருந்து ஒரு மூங்கில் துண்டும் கொஞ்சம் கட்டுக்கம்பியும் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் கத்தியால் பிளாச்சு பிளாச்சாகப் பிளந்து போட்டாராம்.

நட்சத்திரம் கட்டினவர்களுக்குத் தெரியும். ஐந்து பிளாச்சு ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்துக் கட்டினால் ஒரு பக்கம். அதேபோல் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து ஐந்து முனையிலும் கட்டவேண்டும். அதுவரை ஒரு ஆளே செய்துவிடலாம். அதற்குப் பிறகு நடுவில் வயிறு உப்பினாற்போல நிற்க, உள்மூலை ஐந்திலும் சின்னக் குச்சி முட்டுக் கொடுக்கவேண்டும். அங்கேதான் ஒரு ஆளால் முடியாது. ஒருவர் இரண்டு சட்டத்தையும் விலக்கிப் பிடிக்கவேண்டும், இன்னொருவர் குச்சியைச் செருகவேண்டும். பையன் இரண்டு முறை தனியாக முயற்சி பண்ணினான். மூன்றாம் முறை, தலையைத் தூக்காமலே, "இதைப் புடி" என்றான். சற்று நேரம் கழித்து, "அப்பா, நல்லா இழுத்துப் புடி" என்றான்.

அந்த அம்மா அடுப்பங்கரையில் நின்று இதைக் கேட்டார்கள். மைதா பசை காய்ச்சிக்கொண்டிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அங்கேயே முழங்கால்படியிட்டார்கள். மல்கியா தீர்க்கதரிசி தன் புஸ்தகத்தின் கடைசி வசனத்தில் சொன்னது, பிதாக்களின் இருதயமும் பிள்ளைகளின் இருதயமும் ஒன்றையொன்று நோக்கித் திரும்புகிறது, கூவம் கரையில் ஈரச் சுவர் உள்ள வீட்டில் நடந்தது. அல்லேலூயா! சிவப்புக் காத்தாடி பேப்பர் ஒட்டி, பின்பக்கம் ஒரு ஓட்டை விட்டு, ஜீரோ வாட் பல்பு போட்டு மாடிப்படியில் தொங்கவிட்டார்கள். தண்டல் எடுக்கவில்லை.

இத்துடன் அந்தத் தகப்பன் இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் பெற்றார் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மையை எழுதுகிறேன்: ஜனவரியில் திரும்பவும் குடித்தார். இன்றைக்கும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிள்ளைமேல் கை ஓங்கவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் கட்டுக்கம்பியோடு வருகிறார். பையன் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போகிறான். முதல் சம்பளத்தில் தகப்பனுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தான். அந்தச் சகோதரருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

"பாஸ்டர், பெந்தெகொஸ்தே சபையில் நட்சத்திரம் கட்டலாமா?" என்று சிலர் கேட்பீர்கள். நம்மில் கட்டுகிறவர்களும் உண்டு, கிறிஸ்துமஸ் நாளையே விசேஷிக்காதவர்களும் உண்டு. ரோமர் 14:5, 6 படி அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும். அந்த வழக்கை இங்கே எடுக்கமாட்டேன். நட்சத்திரம் வேண்டாம் என்றால் வேறு எதையாவது செய்யுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை வீட்டில் எத்தனை கிடக்கிறது! பின்பக்கம் வெள்ளையாய் இருக்கும். அதை அளவாக வெட்டி, பிள்ளைகளை விட்டு வாக்குத்தத்த வசனம் எழுதச் சொல்லுங்கள். சிவகாசியில் அச்சடித்த அட்டையும் நல்லதுதான். ஆனால் ஒரு பிள்ளை தன் கையால் முப்பது வசனம் எழுதினால், முப்பதும் அதன் உள்ளே போய்விடும்.

கைவேலைக்கும் எழுப்புதலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். தேவ ஆவியால் நிரப்பப்பட்டு ஒரு ஊழியத்துக்குப் பெயர்சொல்லி அழைக்கப்பட்டவன் என்று யாத்திராகமம் 31-ல் முதலாவது காண்கிறவன் யார்? பிரசங்கியார் அல்ல, பெசலெயேல். மரம் செதுக்குகிறவன், கல் பதிக்கிறவன்!

சரித்திரத்திலும் பாருங்கள். ஜெர்மனி தேசத்தில் ஹெர்ன்ஹூட் என்கிற கிராமத்தில் 1727 ஆகஸ்ட் 13-ஆம் தேதி மொரேவிய சகோதரர்கள்மேல் ஆவியானவர் வல்லமையாய் இறங்கினார். அந்த மாதமே 24 ஆண்களும் 24 பெண்களும் மணிக்கு மணி முறைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்த ஜெபச் சங்கிலி நூறு வருஷத்துக்கு மேல் அறுபடவில்லை. அவர்கள் 1732-ல் அனுப்பின முதல் மிஷனரிகள் இருவரில் ஒருவர் குயவர், மற்றவர் தச்சர். 1741-ல் அமெரிக்காவில், பென்சில்வேனியாக் காட்டில் குடியேறினவர்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மாட்டுத்தொழுவத்தோடு ஒட்டின ஒரு மர வீட்டில் கூடிப் பாடி, அந்த இடத்துக்குப் பெத்லகேம் என்றே பெயர் வைத்தார்கள். 1760-ல் நம் தரங்கம்பாடிக்கே வந்தார்கள். அதே சபையாரின் பள்ளிக்கூடம் ஒன்றில், நீஸ்கி என்கிற ஊரில், 1830-களில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக் காகிதத்தில் பல முனை நட்சத்திரம் செய்தார்கள். அது வீட்டுக்கு வீடு போனது. இன்றைக்கும் உலகமெங்கும் மொரேவிய நட்சத்திரம் என்று தொங்குகிறது. நூறு வருஷம் ஜெபித்த ஜனம், பசை ஒட்டவும் நேரம் வைத்திருந்தது.

கடையில் வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பாரிமுனையில் நட்சத்திரம் விற்கிறவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. ஆனால் செல்போனில் ஆர்டர் போட்டு வந்து இறங்குகிற பிளாஸ்டிக் நட்சத்திரத்தை மாட்ட ஒரு ஆள் போதும், ஐந்து நிமிஷம் போதும். அப்பாவை "இழுத்துப் பிடி" என்று கூப்பிட அதில் வேலை இல்லை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நம் சபை மொட்டைமாடியில் குடும்பமாகக் கூடுவோம். பாடி ஜெபித்து ஆரம்பிப்போம், பிரசங்கம் இருக்காது. மூங்கிலும் கட்டுக்கம்பியும் அந்தச் சகோதரர் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பசை நாங்கள் காய்ச்சி வைப்போம். காத்தாடி பேப்பர், கத்தரிக்கோல், பழைய பத்திரிகை அட்டை, பழைய சேலை இருந்தால் எடுத்து வாருங்கள். தையல் மிஷின் இரண்டு இருக்கும். ஷிப்ட் உள்ள அப்பாமார் இப்போதே மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் கையில் பிளேடு கொடுத்து அனுப்பாதீர்கள்.