மூட்டுக்குள் மறைந்திருக்கும் நேர்மை

மாசி மகப் பெருவிழாவில் மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் வீதிவலம் வரும்போது, அடியார்களின் கண்கள் முதலில் அம்பாளின் அலங்காரத்தையும், அடுத்துத் தேரின் சிற்பங்களையும் வர்ணங்களையுமே காண்கின்றன. ஒரு மரம் இன்னொரு மரத்தோடு சேரும் மூட்டை எவரும் பார்ப்பதில்லை. அது மரத்துக்குள்ளேயே மறைந்திருக்கின்றது. ஆனால் வடம் இழுபடும்போதும், சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் தேரைக் குலையாமல் காப்பது அந்த மூட்டுத்தான்.

இங்கே ஒரு தர்மக் கேள்வி எழுகின்றது. எவரும் காணாத இடத்தில் வேலையைக் குறைத்துச் செய்து, வெளியே அழகாக மூடிவிட்டால் அது பாவமா? பார்ப்பவருக்குத் திருப்தி, செய்பவருக்கு நேரம் மிச்சம். இதில் யாருக்கு என்ன நட்டம்?

விடை காண்பதற்குத் தச்சுத் தொழிலின் சூட்சுமத்தைச் சற்று அறிய வேண்டும். ஒரு மரத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்குவது கழுந்து. அது நுழைவதற்கு மற்ற மரத்தில் உளியால் எடுப்பது துளை. கழுந்தின் கனம் பொதுவாக மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும். கைதேர்ந்த ஆசாரியார் பென்சில் கோட்டை மட்டும் நம்புவதில்லை. கூரிய கத்தி நுனியால் கீறி, கீறலைத் தொடாமல் வாளை ஓட்டி, எஞ்சியதை உளியால் சிறிது சிறிதாகச் சீவுவார். பொருத்திப் பார்ப்பார், கழற்றுவார், உரசி மினுங்கும் இடத்தில் மட்டும் மீண்டும் சீவுவார். தானாகவே உள்ளே விழுந்தால் அது தளர்வு. பலமாக அடித்தால்தான் இறங்கும் என்றால் துளை எடுத்த மரம் வெடித்துவிடும். கையால் பாதி இறங்கி, கொட்டாப்புளியின் மெல்லிய தட்டுக்கு மீதி இறங்குவதே சரியான இறுக்கம்.

மரத்தின் இயல்பையும் மதிக்க வேண்டும். மரம் நீளவாக்கில் பெரிதாக மாறுவதில்லை. அகலவாக்கில் ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும். கார்த்திகை, மார்கழி மழையில் ஈர மரத்தைக் கொண்டு செய்த மூட்டு அன்று இறுக்கமாகத்தான் இருக்கும். மாசி வெயிலில் கழுந்து சுருங்கி ஆடத் தொடங்கும். ஆகவே மரம் காயும்வரை காத்திருக்கும் பொறுமையும் வேலையின் ஒரு பகுதியே.

இத்தனையையும் தவிர்க்க ஒரு குறுக்குவழி உண்டு. மரத்தூளைப் பசையில் குழைத்து இடைவெளியில் அப்பி, தேய்த்து வார்னிஷ் பூசினால், நல்ல மூட்டுக்கும் பொய் மூட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் சாதாரண மரப்பசை பலம் தருவது இரண்டு மர முகங்களும் நெருங்கி ஒட்டும் இடத்தில்தான். இடைவெளியை நிரப்பிய தூள் கண்ணை ஏமாற்றுமேயன்றிப் பாரத்தை ஏமாற்றாது.

கண்டி மாவட்டத்து எம்பெக்க தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. 14ஆம் நூற்றாண்டில், கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் எழுந்தது. அங்கு செல்வோர் தூண்களின் சிற்பங்களைக் கண்டு வியப்பர். அண்ணாந்து பார்த்தால் அதனினும் பெரிய அதிசயம் ஒன்றுண்டு. மண்டபக் கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்களின் தலைகளை ஒரே ஒரு பெரிய மர ஆணி சேர்த்துப் பிடித்திருக்கின்றது. அந்த ஆசாரிமார் ஒவ்வொரு கைமரத்தையும் அதனதன் சரிவுக்கு ஏற்பப் பொருத்தியதன் பலன் அது.

அப்படியானால் இடைவெளியை நிரப்புவதே பாவமா? இல்லை. மனிதக் கை தவறும். "இவ்விடம் பிசகிவிட்டது, நிரப்பியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் அது திருத்தம். சொல்லாமல் மறைத்தால் அது வஞ்சகம். பழி முழுவதையும் ஆசாரியார் தலையில் சுமத்துவதும் நியாயமன்று. கூலியைக் குறைத்து, நாளை நெருக்கி, வர்ணத்தின் பளபளப்பை மட்டும் பார்த்துப் பாராட்டுபவருக்கும் அந்தப் பொய் மூட்டில் பங்குண்டு.

மாத்தளை ஆலயத்தின் பழைய தேர்கள் 1983 ஜூலைக் கலவரத்தில் தீக்கிரையாகின. இன்று வலம் வருபவை அதன்பின் புதிதாகச் செய்யப்பட்டவை. வடம் பிடிப்பவர்களில் எவரும் அவற்றின் மூட்டைத் திறந்து பார்த்ததில்லை. ஆயினும் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு தேரின் அருகே அச்சமின்றி நிற்கின்றார்கள். காணாத ஒருவரின் நேர்மையின் மேல் வைத்த நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையின் விலையே அவர் செய்யத் தகாத குறையின் நட்டம்.

கணக்கெழுதுபவருக்கும், மடைப்பள்ளியில் சமைப்பவருக்கும், பிள்ளைகளுக்குக் கற்பிப்பவருக்கும் இப்படி எவரும் திறந்து பாராத மூட்டுகள் உண்டு. அவற்றைச் செம்மையாகப் பொருத்தும் மனத்தை எல்லோருக்கும் தந்தருள அன்னையின் பாதம் பணிவோமாக.