வழிகாட்டியின் வீடு முதலில், நினைவுக்கல் பிறகு

இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறையை அடுத்த பன்னியாறு எஸ்டேட்டில் 2023 ஜனவரி 25 அன்று வனத்துறை வாச்சர் சக்திவேல் காட்டு யானை தாக்கி இறந்தார். யானைக்கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவரப் போன இடத்தில் நேர்ந்த சாவு அது. யானைகளை நோக்கிப் பேசியே அவற்றைக் காட்டுக்குள் திருப்பி அனுப்பும் அவருடைய காணொளி அதற்கு முன்பே பலருடைய கைபேசிக்குள் போயிருந்தது. பிறர் உயிரைக் காக்கப் போய்த் தன் உயிரை விட்ட மலைவழிகாட்டிக்குச் சமூகம் பட்டிருக்கும் கடன் எது? கல்லும் மாலையுமா? அவர் பெயரால் செய்யும் அறமா? அறமென்றால் அது யாரைப் போய்ச் சேர வேண்டும்? தமிழ் அறமரபில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. இறந்தவரின் வீட்டைத் தாங்குவதும், அதே வேலையில் இருப்பவர்களைக் காப்பதும் முதற்கடன். நினைவுச் சின்னம் அதற்குப் பிறகுதான்.

சாந்தன்பாறை, சின்னக்கானல் மலைகளில் வழிகாட்டி என்பவர் சுற்றுலாப் பயணிக்குச் சிகரம் காட்டுபவர் மட்டுமல்லர். விடியும் முன் ஏலத்தோட்டத்துக்குள் இறங்கி, யானைச் சாணத்தின் சூட்டையும் முறிந்த கிளையின் ஈரத்தையும் பார்த்து, கூட்டம் போன திசையை அறிகிற வாச்சரும் வழிகாட்டியே. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் எந்தப் பாதையில் போகலாம், பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் ஜீப் எந்த வளைவில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லும் ஒரு சொல்லைப் பொறுத்தவை. 2022 அக்டோபரில் சாந்தன்பாறை கள்ளிப்பாறையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது மலையேறிய பெருங்கூட்டத்துக்குப் பூ தெரிந்தது. அந்த மலையை மனிதர் நடமாடக்கூடிய இடமாக வைத்திருப்பவர்கள் தெரியவில்லை. இவர்களில் பெரும்பாலோர் தற்காலிக ஊழியர்கள், நாட்கூலிக்காரர்கள்.

சக்திவேல் இறந்த சில மாதங்களில் நடந்தவை மனச்சான்றை உறுத்துபவை. அதே வட்டாரத்தில் ரேஷன் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் என்ற யானை 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்கிருந்து கம்பம் நகருக்குள் வந்த அதை ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டது. யானைக்கு ரசிகர் கூட்டம் உருவானது. அதன் பெயரில் திரைப்படம் அறிவிக்கப்பட்டது. யானையின் பெயரைச் சொல்லி வசூலித்த பணத்தில் முறைகேடு என்று புகாரும் எழுந்தது. யானைமீது இரக்கம் கொள்வது குற்றமில்லை. காட்டை இழந்த விலங்குக்காக உருகுவது அறத்தின் ஒரு கிளையே. ஆனால் அந்த யானைகளுக்கும் ஊருக்கும் நடுவில் நின்ற மனிதனின் வீட்டுக்கு அந்த இரக்கத்தில் பத்தில் ஒரு பங்கேனும் போகவில்லையென்றால், அது நிறை தவறிய இரக்கம். 2024 பிப்ரவரி 16 அன்று வயநாட்டுக் குருவா தீவுச் சுற்றுலா மையத்தின் ஊழியர் ஒருவரும் யானை தாக்கி இறந்தார். துயரம் ஓரிடத்தோடு நிற்கவில்லை.

முன்னோர் இந்தக் கடனை எப்படித் தீர்த்தார்கள் என்பதற்குச் சான்றுகள் நிறைய உள்ளன. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் முழுவதுமே மலைவழி காட்டும் பாட்டு. நன்னனின் மலைக்குச் செல்லும் கூத்தருக்குப் பன்றிக்கு வைத்த பொறிகளையும், பாம்பு கிடக்கும் இடங்களையும், தினைப்புனம் காப்போர் யானைமீது எறியும் கவண்கற்களையும் பெருங்கௌசிகனார் ஒவ்வொன்றாக எச்சரிக்கிறார். வழியில் நிற்கும் நடுகற்களையும் காட்டி, வணங்கிப் போகச் சொல்கிறார். வழி சொல்வதும் வழியில் மாண்டோரை நினைப்பதும் அங்கே ஒரே அறம். தொல்காப்பியம் கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை நடுகல் மரபின் படிநிலைகளை வகுத்திருக்கிறது. சாந்தன்பாறைக்குக் கிழக்கே மலையிறங்கினால் வரும் தேனி மாவட்டத்தில், புலிமான்கோம்பையில், 2006இல் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்தவனுக்கு எடுத்த கல்லும் அவற்றில் ஒன்று.

அந்த மரபு கல்லோடு நின்றுவிடவில்லை. ஊரைக் காக்கப் போய் இறந்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்ற பெயரில் நிலம் கொடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. சிந்திய குருதிக்கு ஈடாக விளையும் நிலம், விதைக்கவும் அறுக்கவும் வாரிசுக்கு உரிமை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி விண்ணேகியதைச் செங்குட்டுவனுக்குச் சொன்னவர்கள் குன்றக் குறவர்கள், மலைமக்கள். இமயத்திலிருந்து கல் கொண்டுவந்த அதே வேந்தன் சிறைக்கோட்டங்களைத் திறக்கவும் வரியை நீக்கவும் ஆணையிடுகிறான். கல்லுக்குச் சிறப்பு, மக்களுக்குத் தளர்வு என்ற இரண்டும் சேர்ந்ததே அந்த நினைவு. மணிமேகலை பசிப்பிணி தீர்ப்பதையே தலையாய அறமாக வைக்கிறது. வள்ளுவர் செய்ந்நன்றி கொன்றவனுக்கு உய்வில்லை என்கிறார். இல்லாதவனுக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் திரும்ப எதிர்பார்க்கும் கொடை என்றும் பிரிக்கிறார். கொடுத்தவர் பெயரைப் பெரிதாகவும் இறந்தவர் பெயரைச் சிறிதாகவும் பொறித்து எழுப்பும் நினைவு வளைவு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

பிற நாட்டு மலைகளும் இதையே சொல்கின்றன. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட்டின் கும்பு பனிவீழ்ச்சியில் 16 நேபாள மலைப்பணியாளர்கள் இறந்தார்கள். அரசு முதலில் அறிவித்தது குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்தார்கள்; அந்தப் பருவத்தில் நேபாளப் பக்கத்து ஏற்றம் ஏறக்குறைய முழுதும் நின்றது; பிறகு காப்பீட்டுத் தொகை 15 லட்சமாக உயர்ந்தது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி ஷெர்ப்பாக்களுக்குப் பட்ட நன்றிக்கடனை 1961இல் கும்ஜுங் கிராமத்துப் பள்ளியாகத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஊரார் கேட்டது பள்ளிதான். அவர்கள் கேட்டதைக் கொடுத்ததே அந்த அறத்தின் சிறப்பு.

நினைவுச் சின்னம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. பெயர் பொறித்த கல்லைப் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தன் ஊரின் மதிப்பு தெரியும். குடும்பத்தைத் தாங்குவது அரசின் வேலை, பொதுமக்கள் நூலகமோ மருத்துவ முகாமோ நடத்தினால் பலருக்குப் பயன் என்று சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அரசு தரும் இழப்பீடு சட்டப்படியான ஈடு. நன்றிக்கடன் அதோடு தீர்வதில்லை. லயத்து வீட்டில் உலை கொதிக்காதபோது ஊர்ச்சந்தியில் கல்லுக்குப் பாலூற்றுவது அறமாகாது.

ஆகவே, இறந்த வழிகாட்டியின் பெயரால் திரட்டும் பணத்துக்கு வரிசை ஒன்று வேண்டும். முதலில் குடும்பம்: பிள்ளைகள் படித்து முடிக்கும் வரையிலான செலவு, குடும்பத்தாரின் சம்மதத்தோடும் அவர்களுடைய மானத்துக்குக் குறைவு வராமலும். அடுத்து உடன் பணிபுரிவோர்: காப்பீடு, நல்ல டார்ச் விளக்கு, தனியே காட்டுக்குள் அனுப்பாத ஏற்பாடு. மூன்றாவது அடுத்த சாவைத் தடுக்கும் பணி. வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் தோட்ட மக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கும் முறையை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஏற்படுத்தியிருக்கிறது. வாச்சர் ஒருவரின் பெயரில் எரியும் அப்படிப்பட்ட விளக்கு, எந்தச் சிலையையும்விட அவருக்குப் பொருத்தமானது. நான்காவதாகக் கல். திரட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ஊர் அறியக் கணக்கு வைப்பது இந்த நான்குக்கும் அடிப்படை.

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் மாண்ட மலைத்தொடர் இது. மலை அறிந்தவரின் சொல்லுக்கு இங்கே உயிரின் விலை உண்டு. இந்த மலைகளுக்கு வந்து குறிஞ்சி பார்ப்போரும், ஏலமும் தேயிலையும் விற்றுச் செல்வம் சேர்ப்போரும், ஓய்வு விடுதி நடத்துவோரும் அந்தச் சொல்லின் பயனை நுகர்கிறார்கள். நுகர்ந்தவர் கடன்பட்டவர். அந்தக் கடனை வழிகாட்டியின் வீட்டு வாசலில் முதலில் தீர்த்துவிட்டு, அதன்பின் கல் நடுங்கள்.