அமானிதமும் கீழாநெல்லியும்

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் கணக்கெழுதிய காலத்தில் ஆவாரம்பட்டை மூட்டைகள் வந்திறங்கும். பட்டைத் தண்ணீரில் ஊறிய தோல் கடைசியில் கடுக்காய்த் தொட்டிக்குப் போகும். அந்தத் துவர்ப்புதான் தோலின் கொலாஜன் என்னும் புரத இழைகளைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. கொலாஜனின் மூவிழைத் திருகு அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டு சொன்னவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கல்லீரல் தழும்பும் பெரும்பாலும் கொலாஜன்தான். ஓயாமல் காயப்படும் ஈரலில் சில செல்கள் அதைச் சுரந்துகொண்டே போக, ஈரல் இறுகிவிடுகிறது.

மச்சானுக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி என்று தெரிந்ததும் அக்கா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்தாள். "நோயைத் தந்த அல்லாஹ் மருந்தையும் தந்திருக்கான். அதைப் போய் சோதிக்கணுமாடா?" என்றாள்.

நானும் அதை நம்புகிறவன்தான். ஆனால் தோலை இறுக்குவதும் அவன் படைத்த செடிதான். எந்தச் செடி, எந்த நோய்க்கு, எவ்வளவு என்று தேடுவதை அவன் நம்மிடம் விட்டிருக்கிறான். உடம்பு அமானிதம், அவன் நம்மிடம் ஒப்படைத்தது. அதற்குள் போவதைச் சோதித்துப் பார்ப்பது ஈமானுக்குக் குறையில்லை, அதன் கடமை.

ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் சென்னையில் அதைத்தான் செய்தார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸை நெடுநாள் சுமந்தவர்களில் 37 பேர் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் சாப்பிட்டதில், 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. நம் வேலியோரத்துச் செடி! ஆனால் தாய்லாந்து உட்படப் பிற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. காமாலை என்றாலே கீழாநெல்லி கொடுக்கிறார்கள், ஆனால் சாதாரண மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது.

ஈரலில் விழுந்த தழும்பு கரையாது என்பதும் உண்மையில்லை. 2013இல் வெளியான ஆய்வில், வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை ஐந்தாண்டு எடுத்த, ஈரல் சுருங்கியிருந்த 96 பேரில் 71 பேருக்கு அந்நிலை நீங்கியிருந்தது. வைரஸ் அடங்கினால் ஈரல் தன் தழும்பைத் தானே கரைக்கத் தொடங்குகிறது. மஞ்சளின் குர்குமினும் ஆய்வக எலிகளில் தழும்பைக் குறைத்திருக்கிறது. மனிதரில் அதற்கு உறுதியான சான்று இன்னும் வரவில்லை.

2020இல் மும்பையில் சீந்தில் என்ற மூலிகைக் கொடியைச் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்ததை அக்காவிடம் சொன்னேன். அடுத்த முறை மச்சானோடு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மோரில் கலந்ததை அவளே டாக்டரிடம் சொன்னாள்.