விசைமேல் வைத்த விரல்

போர்க்களப் புகைப்படங்களைக் காண்போர் பெரும்பாலும் வீரனின் முகத்தையே நோக்குவர். அவனது சுட்டுவிரலையும் நோக்குதல் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் (1939–45) படங்கள் பலவற்றில், சுடாது நிற்கும் வேளையிலும் வீரரின் விரல் துப்பாக்கியின் விசையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அண்மைக்காலப் படங்களிலோ, அவ்விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீண்டிருப்பதைப் பெரிதும் காணலாம்.

இம்மாற்றம் பயிற்சியால் விளைந்தது. திடுக்கிட்டாலோ கால் இடறினாலோ விரல்கள் தாமே மடங்கும். விரல் விசைமேல் இருப்பின் குண்டு பாயும்; அருகிலுள்ள தோழனே மடியக்கூடும். 1976இல் அமெரிக்காவின் அரிசோனாவில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி நிறுவிய ஜெப் கூப்பர் பரப்பிய நான்கு விதிகளுள், குறி பார்க்கும்வரை விரலை விசையில் வைக்கலாகாது என்பது ஒன்று; அழிக்க விரும்பாத எதன்மேலும் துப்பாக்கி முனையைத் திருப்பலாகாது என்பது மற்றொன்று.

இக்கவனம் அகிம்சையாகுமா என்பதே நம் வினா.

உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், பிரமாதத்தால் உயிருக்கு ஊறு செய்தலையே இம்சை என வரையறுக்கிறது. பேச்சுவழக்கில் 'பிரமாதம்' சிறப்பைக் குறிப்பினும், இங்கே அது கவனமின்மையையும் மனமாசுக்கு வயப்படுதலையும் குறிக்கும். துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று ஆதான நிக்ஷேபண சமிதி. கமண்டலத்தையோ நூலையோ எடுக்கும்போதும் வைக்கும்போதும் மயிற்பீலியால் மெல்ல வருடி, சிற்றுயிர்க்கும் ஊறு நேராது காத்தலே அது. விரலை விலக்கி வைக்கும் வீரனும் ஒரு பொருளைக் கவனத்தோடு கையாள்கிறான். அக்கவனம் சில உயிர்களைக் காக்கிறது. அதனை இகழ்தல் தகாது.

எனினும் அதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். 2000 ஏப்ரல் 22இல் மியாமி நகரில், ஆறு வயதுக் கியூபச் சிறுவன் ஒருவனை உறவினர் வீட்டிலிருந்து மீட்கச் சென்ற அரசுக் காவலர், துப்பாக்கியுடன் அவன்முன் நின்றார். ஆலன் டயஸ் எடுத்த அப்படம் உலகெங்கும் பரவியது. காவலரின் விரல் விசைமேல் இல்லை என்று அந்நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரி ஜேனட் ரீனோ எடுத்துரைத்தார். அது மெய்யே. ஆயினும் படத்திலுள்ள குழந்தையின் முகத்தில் அச்சம் குறையவில்லை. விரல் விலகியது, ஆயுதம் விலகவில்லை.

'அழிக்க விரும்பாதவை' என்னும்போதே, அழிக்க விரும்புவதும் ஒன்று உண்டென்பது பெறப்படுகிறது. வீரனின் கவனம் தோழனையும் வழிப்போக்கனையும் காக்கும். எதிரே நிற்பவன் அதன் புறத்தே நிற்கிறான். தற்காப்பின்பொருட்டு இல்லறத்தார் செய்ய நேரும் விரோதி இம்சையைச் சமண அறம் முற்றும் விலக்கவில்லை. ஆயினும் அதனை இம்சை என்றே பெயரிட்டது. துறவியின் கவனமோ அறுவகை உயிர்களையும் தன்னுள் அடக்குவது.

திருக்கோகர்ணத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்தில், புதுக்கோட்டை வட்டாரத்துச் சமணச் சிற்பங்கள் வைக்கப்பட்டுள்ளன. தியானத்தில் அமர்ந்த தீர்த்தங்கரரின் கைகள் மடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்திருக்கும். அவற்றில் ஆயுதம் ஏதுமில்லை. விலக்கி வைக்கவேண்டிய விரலும் அங்கில்லை.

வீரனுக்கும் துறவிக்கும் இடையே நிற்கும் இல்லறத்தார் நாம். நம் கையில் துப்பாக்கி இல்லாதிருக்கலாம். வாகனமும் அதிகாரமும் நாவும் உள்ளன. அவற்றைக் கவனத்தோடு கையாள்வது முதற்படி. எவர்க்கெல்லாம் அக்கவனம் உரியது என்னும் வரம்பை நாளும் விரித்துச் செல்வதே அடுத்த படியாகும்.