வெள்ள நிவாரணப் பணம் யாருடையது?



2024-ம் வருடம் டிசம்பர் 1-ந் தேதி இரவை நாம் எளிதில் மறக்க மாட்டோம். பெஞ்சல் புயல் கொட்டிய மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, மறுநாள் விடியுமுன் விநாடிக்கு 1,68,000 கனஅடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. நம் ஊர்ப் பக்கமாய் ஓடும் தென்பெண்ணை கரைபுரண்டது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களில் எத்தனையோ குடும்பங்களின் ஒரு போகத்து உழைப்பு தண்ணீரோடு போயிற்று.

சர்க்கார் உதவிக்கு வந்தது. இந்த மூன்று ஜில்லாக்களிலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய், இறந்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, நூற்றுக்கு 33 பங்கும் அதற்கு மேலும் நாசமான நெல் முதலிய பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000, மானாவாரிப் பயிருக்கு 8,500 என்று டிசம்பர் 3-ந் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். எக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஆக, நெல்லுக்கு ஏக்கருக்கு 6,900 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பட்ட நஷ்டத்துக்கு அது ஈடாகாது. ஆயினும் மறுபடி விதை வாங்கக் கைகொடுக்கும்.

இங்கேதான் நம் மனச்சாட்சிக்கு ஒரு கேள்வி எழுகிறது. கணக்கெடுக்க வருகிறவர்கள் பட்டாவையும் அடங்கலையும் பாங்கிப் புத்தகத்தையும் பார்க்கிறார்கள். நாட்டுப்புறத்திலோ குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு. உழுதவன் ஒருவன், உரம் போடக் கடன் வாங்கியவன் அவன், அழுகிய பயிரின் முன் நின்று அழுதவனும் அவன். பணமோ பட்டாக்காரர் கணக்கில் போய் விழுகிறது.

“பட்டா என் பேரில் இருக்கிறது. சர்க்காரே எனக்குக் கொடுத்தது. நான் யார் வீட்டிலும் திருடவில்லையே?” என்பார் ஒருவர். சகோதரரே, சர்க்கார் கொடுத்தது நிலத்துக்கல்ல, அழிந்த பயிருக்கு. வெள்ளம் வடிந்தபின் உம்முடைய நிலம் உமக்கு இருக்கிறது, போனது பயிர்தான். பயிர் யாருடையதோ, பணமும் அவனுடையது. அதை வைத்துக்கொள்வது ஏழாம் கற்பனைக்கு விரோதமே. வாரத்துக்கு விட்டு, விதைக்கும் உரத்துக்கும் நீரும் கொடுத்திருந்தால், செலவு செய்த அளவுக்குப் பங்கு எடுத்துக்கொள்ளும். மீதியை அவனிடம் சேர்த்துவிடும். அறுப்பே இல்லாத போகத்துக்குக் குத்தகை கேட்டு நெருக்குவதும் கிறிஸ்தவனுக்கு அழகன்று.

கூலிக்காரனுடைய கூலியை மறுப்பது வானத்தை நோக்கி முறையிடும் பாவங்களில் ஒன்றென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். உழுதவனுடைய நிவாரணத்தைப் பிடித்து வைப்பது அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

பயிரிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தரிசாய்க் கிடந்ததை விளைந்ததாகவும், அரை ஏக்கரை ஓர் ஏக்கராகவும் எழுதச் சொல்லாதீர்கள். அது பொய், பொதுச் சொத்தைக் களவாடுவதும் ஆகும். குத்தகையை வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதி வையுங்கள். குத்தகைக்காரன் தன் பெயரை வருவாய்த்துறையில் பதிவு செய்துகொள்ள 1969-ம் வருடத்துச் சட்டமே இடம் தருகிறது. நில உடைமைக்காரர்களே, அதற்குத் தடை நிற்காதீர்கள்.

சக்கேயு என்ற வரி வசூலிப்பவரை நினைத்துப் பாருங்கள். மனஸ்தாபப்பட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாக ஆண்டவர் முன்பாகவே சொன்னார். அன்றுதான் அவர் வீட்டில் இரட்சணியம் நுழைந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடிந்தும் கொடுக்க மனமில்லாதவனுக்குப் பாவசங்கீர்த்தனமும் பலன் தராது.

ஆகையால் இன்று பூசை முடிந்து வீடு திரும்பியதும் பாங்கிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பிறனுடைய பணம் அதில் இருந்தால், அவன் வந்து கேட்கும்வரை காத்திராமல் நீங்களே அவன் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு எத்தனை நாளாய் அவன் உங்கள் வாசலைக் கடந்து போகிறானோ, சர்வேசுரனுக்குத் தெரியும்.

நீதியின் சூரியனான சேசுநாதர் நம் வயல்களையும் இருதயங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.